இந்தக் காலத்திலும் ஏன் பழனிக்கு நடக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் சாலை முழுக்கப் பச்சையும் காவியுமாகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தின் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. கையில் செல்போன், வீட்டுக்கொரு பட்டதாரி, ஊருக்கொரு மருத்துவமனை என்றான பிறகும் இத்தனை பேர் ஏன் வெறுங்காலோடு நடக்கிறார்கள்? பயம், அறியாமை, பழக்கம் என்று மூன்று சொல்லில் பதில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அந்தப் பாதையில் தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, அன்னதானம் என்று வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில், அந்தப் பதில் போதாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி கேட்பவர்கள் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறைக்குப் போனது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகத்தான். அப்படிப்பட்டவர்கள் கேள்வி கேட்டிராவிட்டால் இன்று பலர் கோயில் தெருவுக்குள்ளேயே வந்திருக்க முடியாது. ஆனால் சுயமரியாதை இயக்கம் தொடங்கிய 1925இலிருந்து நூறு ஆண்டுகள் ஆகியும் கூட்டம் குறையவில்லை என்றால், மக்களுக்கு ஏதோ புரியவில்லை என்று சொல்வதைவிட, நாம் எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்று நினைப்பதே பொருத்தம்.

கவனிக்காமல் விட்டவர்களில் பெரிய அறிஞர்களும் உண்டு. 21ஆம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் சின்னச் சின்னக் குழுக்களாக ஒதுங்கிவிடுவார்கள் என்று 1968இல் கணித்தார் பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர். 1990களின் இறுதியில், அந்தக் கணிப்பு தவறு என்று அவரே எழுதினார். மேற்கு ஐரோப்பாவில் அது பெருமளவு பலித்தது; உலகின் மற்ற பகுதிகளில் பலிக்கவில்லை. பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டபோது 97 விழுக்காட்டினர் கடவுள் நம்பிக்கை உண்டு என்றார்கள். எத்தனை பேர் என்பதற்குத்தான் இந்த எண்கள் பதில் சொல்லும். ஏன் என்பது தெரிய வேண்டுமானால் மாலை போடும் நாளிலிருந்து பார்க்க வேண்டும்.

பழனிக்கு மாலை போடுபவர்கள் 48 நாள், 41 நாள், 21 நாள் என்று அவரவர் வசதிப்படி விரதம் இருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், மாலையிலும் குளியல், புலால் இல்லை, மது இல்லை, மெத்தை தலையணை இல்லை, பலருக்குச் செருப்பும் இல்லை. மாலை கழுத்தில் ஏறியதும் அவருக்குப் பெயர் போய்விடுகிறது. வீட்டில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் ‘சாமி’ என்றே கூப்பிடுகிறார்கள். மனைவி கூப்பிடுகிறார், பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், முதலாளியும் கூப்பிடுகிறார்.

தினமும் குடிப்பவர் ஒருவர் குடிக்காமலிருக்க விரும்பினால் தினமும் சாயங்காலம் தன்னோடு போராட வேண்டும். ‘இன்னிக்கு ஒரு நாள் மட்டும்’ என்று இழுக்கிற நண்பரோடும் போராட வேண்டும். மாலை அந்தப் போராட்டத்தை ஒரே முடிவாகச் சுருக்கிவிடுகிறது. ஒருமுறை முடிவெடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும். அப்புறம் நண்பரே, ‘சாமி மாலை போட்டிருக்காரு, விடுங்கப்பா’ என்று மற்றவர்களைத் தடுக்கிறார். அவருக்கு ஊரே காவல். அடித்துக்கொண்டிருந்த கணவன் ஒரு மண்டலம் அமைதியாக இருக்கிறான் என்பது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த வீட்டுப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பல வருடம் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, பிதற்றல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் ‘சாமி வந்திருக்கு’ என்று விபூதி பூசி உட்கார வைப்பது மிகப் பெரிய தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவருக்கு மாலை போடும் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டியது குழுவை வழிநடத்தும் குருசாமியின் கடமை. மாலை கழற்றும் நாள் இன்னொரு கண்டம். ஒரு மண்டலம் அடக்கிவைத்ததையெல்லாம் அன்று சாயங்காலமே குடித்துத் தீர்ப்பவர்கள் உண்டு. இதைத் தெரிந்த குருசாமிகள் கழற்றிய மறுவாரமே வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள், பங்குனி உத்திரத் தீர்த்தக் காவடிக்குப் பேர் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த விரத நாள் பக்கத்திலேயே இருந்தால் இடைவெளியைத் தாண்டுவது எளிது.

நேர்த்திக்கடனும் இப்படி வேலை செய்வதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் குறையவில்லை, மருத்துவர் இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறார். அந்த இரண்டு நாளைக் கடக்கத் தாய்க்கு என்ன வழி? மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன் வைக்கிறார். கைக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு தவணை. மருந்து நிற்பதில்லை, வேண்டுதலும் மருந்தும் சேர்ந்தே நடக்கின்றன. வேண்டிக்கொண்டோமே என்று மருந்தை நிறுத்துபவர்களை நாங்கள் கண்டிக்கிறோம், பழனிக்கு வருகிற மிகப் பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்வதில்லை.

இனி நடை. மதுரையிலிருந்து வருபவர்களுக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர், காரைக்குடிப் பக்கத்திலிருந்து அதைவிட அதிகம். குன்றக்குடியிலிருந்து காவடி தூக்கிவரும் நகரத்தார் திரும்பிப் போவதும் நடந்தேதான். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் நிறுத்தி, வெயில் தாழ்ந்தபின் மறுபடி நடப்பது பழகிய குழுக்களின் வழக்கம். கால் கொப்புளம் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே வந்துவிடும். சூடான தார், வியர்வை ஈரம், ஒரே இடத்தில் உரசல் மூன்றும் சேர்ந்தால் வரும். சின்னக் கொப்புளத்தைத் தொடவே கூடாது. நடக்க முடியாத அளவுக்குப் பெரிதாகிப் புடைத்திருந்தால் மட்டும், சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட்டுத் துணி சுற்ற வேண்டும். அந்தத் தோல்தான் மருந்து. அதை உரித்து எறிபவருக்கு எளிதில் சீழ் பிடிக்கும்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பாத நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. வெறுங்காலோடு நடப்பது அவருக்கு விரதத்தில் சேராது, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்போடு நடக்கட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தோ பக்கத்திலிருப்பவரிடம் காட்டியோ பார்க்க வேண்டும். களைப்புத் தீர வெந்நீரில் கால் வைப்பது அவருக்கு ஆகாது. சூடு உறைக்காமல் வெந்துபோய், பிறகு விரலையே எடுக்க வேண்டி வரலாம். மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுப் பத்து கிலோமீட்டர் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, கால் மணி நேரம் பார்த்துவிட்டு உணவு கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். காலி வயிற்றில், தண்ணீரும் குடிக்காமல் வலி மாத்திரையாகப் போட்டுக்கொண்டே நடப்பவர்கள் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே நல்லது. பாதி பாட்டிலில் கரைத்தால் பலன் இல்லை, கெடுதல்தான்.

இவ்வளவு துன்பம் எதற்கு என்பதுதான் கேட்பவர்களின் அடுத்த கேள்வி. மொரீசியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியில் டிமிட்ரிஸ் ஜிகலாடாஸ் என்ற மானுடவியலாளரும் குழுவினரும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கேள்விகளுக்குப் பதில் சொன்னதற்காக ஒவ்வொருவருக்கும் அந்நாட்டுப் பணத்தில் 200 ரூபாய் கொடுத்துவிட்டு, அதில் எவ்வளவைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கூட்டு வழிபாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் கொடுத்தார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130 ரூபாய்க்கு மேல். காவடியோடு கூடவே நடந்து பார்த்தவர்கள் 160 ரூபாய். எங்களை நிற்க வைத்தது இந்த மூன்றாவது எண்தான். வலி ஒருவருடையது, ஆனால் கை திறப்பது பக்கத்தில் நடப்பவருக்கும். அதே ஆய்வாளரின் குழு பின்னர் காவடி எடுப்பவர்களின் உடல்நிலையையும் பல வாரம் கவனித்தது. உடல்நலத்துக்குக் கேடு தெரியவில்லை, மனநலம் கூடியிருந்தது. அதிக அலகு குத்தியவர்களுக்கு அதிகமாகக் கூடியிருந்தது. நாள்பட்ட நோய் உள்ளவர்களும் வசதி குறைந்தவர்களுமே அதிகம் குத்திக்கொண்டார்கள் என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. வாழ்க்கையில் பிடி குறைந்தவர்கள்தான் இதை இறுகப் பிடிக்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கை திறப்பது என்றதும் அன்னதானத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வருடம் முழுக்க வாங்கும் இடத்திலேயே நிற்கிற ஒருவர், கொடுக்கும் இடத்தில் நிற்கக் கிடைக்கிற நாள் இது. வாழைப்பழ வியாபாரி இரண்டு தார் இறக்கிவிட்டுப் போகிறார், ஆட்டோ ஓட்டுநர் தண்ணீர் கேன் சுமக்கிறார், அரிசி வாங்கப் பணம் இல்லாத மூதாட்டி வெங்காயம் உரிக்க உட்காருகிறார். உரிக்கிற கையையும் மூட்டை அனுப்பிய கையையும் பந்தலில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

புதிதாகப் பந்தல் போடுபவர்களுக்காக அளவையும் சொல்லிவிடுகிறோம். கலவை சாதத்துக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி. 25 கிலோ சிப்பம் ஒன்று 250 பேருக்கு வரும். சாம்பார் சாதமென்றால் அரிசியில் கால் பங்கு துவரம் பருப்பு, அதாவது சிப்பத்துக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல். கெடுவது எங்கே என்றால், விடியற்காலை வருபவர்களுக்காக இரவு பத்து மணிக்கே வடித்து, அண்டாவை மூடி வைப்பதில்தான். மேலே ஆறியிருக்கும், நடுவில் வெதுவெதுப்பு விடியும்வரை போகாது. அந்தச் சூட்டில் கிருமி பெருகி நஞ்சு ஊறிவிடும், மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது. வாசம்கூட மாறியிருக்காது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்போது பக்தர்கள் அடுத்த ஊரில் இருப்பார்கள். எந்தப் பந்தலில் சாப்பிட்டது என்றுகூடத் தெரியாது. இரவு சமைத்தே ஆக வேண்டுமென்றால் சாதத்தைப் பரப்பி முழுக்க ஆறவிட்டு, எண்ணெயும் புளியும் தாராளமாகச் சேர்த்துப் புளிசாதமாகக் கிளறுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். தயிர்சாதம் அப்போதைக்கப்போது கலப்பதற்கு மட்டுமே. மற்ற சாதங்களைச் சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடிப்பது நல்லது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். புண்ணியத்துக்குப் போடும் சோறு பழுதில்லாமல் இருக்க வேண்டாமா?

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. குழுக்களில் பல இன்றும் சாதி வாரியாகத்தான் கிளம்புகின்றன. மண்டபங்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் தண்ணீர்ப் பந்தலில் சொம்பை நீட்டும்போது யாரும் யாரையும் கேட்பதில்லை, 693 படிகளிலும் கேட்பதில்லை. அந்த நான்கு நாள் பழக்கம் ஊர் திரும்பியபின் கரைந்துபோவதுதான் எங்களுக்குக் குறை. வேண்டுதலைக் காசாக்குகிறவர்கள், பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறவர்கள் உண்டு. பகுத்தறிவாளர்கள் அவர்களைத் தோலுரித்தால் நாங்கள் நன்றி சொல்வோம். சண்முக நதியில் குளித்துவிட்டு நனைந்த வேட்டியை ஆற்றிலேயே விட்டுப் போகிற பழக்கத்துக்குப் புராணத்தில் எந்த ஆதாரமும் கிடையாது, நிறுத்திவிடலாம்.

இது முருக பக்தர்களுக்கு மட்டும் உரியதென்றும் நாங்கள் நினைக்கவில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி நோக்கிக் காவி உடுத்தி நடப்பவர்களிடமும் இதே கொப்புளம், இதே புளிசாதம். ரமலானில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நோன்புக் கஞ்சி வாங்க நிற்கும் வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுப்பவர் வருடத்துக்கு ஒருமுறை தன் கணக்கைத் தானே திறந்து பார்க்கிறார். உடம்பை ஒடுக்கி, கூட்டத்தோடு சேர்ந்து, கையிலிருப்பதைக் கொடுத்து, நாள் குறித்து முடிப்பது என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக நவீன வாழ்க்கை இன்னும் எதையும் கொடுத்துவிடவில்லை. உடற்பயிற்சிக்கூடம் உடம்புக்கு, மனநல ஆலோசனை மனதுக்கு, நன்கொடைச் செயலி பணத்துக்கு என்று தனித்தனியே கிடைக்கிறது. மூன்றுக்கும் காசு வேண்டும், மூன்றிலும் ஆள் தனியாகத்தான் போக வேண்டும். பனியன் கம்பெனியில் இரட்டை ஷிப்ட் பார்க்கும் இளைஞனுக்குக் கூட்டாளிகளோடு நான்கு நாள் நடக்கக் காரணம் கொடுப்பது முருகன்தான். அவன் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறான், வீட்டில் யாரும் தள்ளிவிடுவதில்லை.

ஆகவே ஏன் நடக்கிறார்கள் என்று கேட்பதோடு, எப்படி நடக்கிறார்கள் என்றும் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். குறிப்பாக இரண்டு விஷயம்.

முதலாவது, கழிப்பறை. பெண்கள் வழியில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மயக்கம் என்று முதலுதவிப் பந்தலுக்கு வருகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில், விளக்கும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள தற்காலிகக் கழிப்பறைகளைத் தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பே வைத்து, சுத்தம் செய்ய ஆளும் போட வேண்டும். ஆள் போடாவிட்டால் இரண்டாம் நாளே யாரும் உள்ளே போக முடியாது.

இரண்டாவது, இருட்டில் நடப்பது. விடியுமுன் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்டுநர்கள் கண் அசரும் நேரம், நம் மக்கள் உற்சாகமாக நடக்கும் நேரமும் அதுதான். கரும்பச்சை வேட்டி முகப்பு விளக்கில் தெரியவே தெரியாது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். முதுகுப் பையிலும் கைத்தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். குழுவின் முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் விளக்கு இருக்க வேண்டும். காதில் ஒலிப்பான் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. பக்தர்களுக்கென்று நடைபாதை போட்டிருக்கும் இடங்களில் கடைகளும் வண்டிகளும் அதை அடைத்துக்கொள்வதால்தான் மக்கள் தாருக்கு இறங்குகிறார்கள். அவற்றை மார்கழி முடிவதற்குள் அகற்ற வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இதையெல்லாம் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி வெளியிட்டால், அந்தப் பக்கத்தைக் கிழித்து எல்லாப் பந்தல்களிலும் ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாதயாத்திரைப் பாதைத் தொண்டர்கள் சிலர்,
ஒட்டன்சத்திரம்.